கீற்றுக் கூரை வேய்வது: உள்ளே நின்று குத்தூசி வாங்கியவள் சொல்வது

கூரை வேய இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர், உள்ளே ஒருவர். எங்கள் வீட்டில் மேலே அப்பா, உள்ளே நான். எட்டு வயதிலிருந்து கல்யாணமாகிப் போகும்வரை அதுதான் என் இடம். இருட்டில் அண்ணாந்து நிற்பேன். முடைந்த தென்னங்கீற்றைத் துளைத்துக்கொண்டு மூங்கில் குத்தூசியின் முனை தலைக்கு மேல் இறங்கும். அதன் காதிலிருந்து கயிற்றை உருவி, வரிச்சுக்கு, அதாவது குறுக்கே கட்டிய மூங்கில் பிளாச்சுக்கு, அந்தப்பக்கமாகச் சுற்றி, திரும்பவும் காதில் கோத்து "ம்" என்பேன். ஊசி மேலே போய்விடும். "இழுக்கப் போறேன், விரலை எடுத்துக்க ஆயி" என்று அப்பா குரல் கொடுப்பார். அவர் இழுக்கும் இழுப்பில் கயிறு கிறீச்சிட்டு வரிச்சைக் கவ்வும்.

ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. எங்கள் வீட்டின் பின்கட்டு இன்றைக்கும் கீற்றுக் கூரைதான். அதை நான் முன்னே நின்று வேய்கிறேன். மேலே ஏறுவது தம்பி மகன். தோப்பில் ஒரு குடில் போட வேண்டும், மாட்டுக்கொட்டகை போட வேண்டும் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "போன வருசம் போட்டது, இந்த மழைக்கே ஒழுகுதுக்கா. கீத்து சரியில்ல." போய்ப் பார்த்தால் கீற்றின் மேல் ஒரு குற்றமும் இருக்காது. சரிவு படுத்துக் கிடக்கும். அதனால்தான் கீற்றைப் பற்றிப் பேசும் முன்னால் சரிவைப் பற்றிப் பேசுகிறேன்.

சரிவு

வீட்டின் அகலத்துக்கு ஒரு கயிறு பிடியுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். அந்த மடித்த கயிறு எவ்வளவு நீளமோ, சுவர் மட்டத்துக்கு மேல் முகடு அவ்வளவு உயரம் நிற்க வேண்டும். பன்னிரண்டடி அகலமென்றால் ஆறடி. அப்பாவுக்கு 45 டிகிரி என்ற கணக்கு தெரியாது, கயிறு தெரியும். இரண்டும் ஒன்றே.

இதில் ஓரடி குறைத்தால் மரம் மிச்சம், கீற்று மிச்சம் என்று கொத்தனார் சொல்வார். கேட்காதீர்கள். முடைந்த கீற்றைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பாருங்கள், சல்லடை மாதிரி ஓட்டை தெரியும். அப்படிப்பட்ட கீற்று ஒழுகாமல் இருப்பதற்குக் காரணம், விழுந்த மழைத்துளி ஓட்டைக்குள் இறங்கும் முன்னே ஓலையின் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு நுனிக்கு ஓடி, அடுத்த கீற்றின் முதுகில் சொட்டி, அங்கிருந்தும் ஓடிவிடுவதுதான். ஓடச் சரிவு வேண்டும். படுத்த கூரையில் தண்ணீர் நின்று யோசிக்கும், பிறகு உள்ளே வரும். அன்றைக்கு ஒழுகாவிட்டாலும் ஈரம் காயாமல் ஓலை மக்கும். செங்குத்தான கூரை மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரே கீற்று ஒரு கூரையில் ஒரு வருடமும் இன்னொரு கூரையில் இரண்டரை வருடமும் நிற்பது இதனால்தான்.

சுவரைத் தாண்டி இறவாணம், அதாவது கூரையின் கீழ் ஓரம், இரண்டடியாவது நீள வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஆறரை அடிச் சுவருக்கு இறவாணத்தின் விளிம்பு நாலரை அடி உயரத்துக்கு இறங்கிவிடும். ஆமாம், குனிந்துதான் நுழைய வேண்டும். வருகிறவர்களுக்கு இடிக்கிறதே என்று வாசலுக்கு நேரே மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். மற்றப் பக்கங்களில் தாழ்ந்தே இருக்கட்டும். மண்சுவரைச் சாரலிலிருந்து காப்பாற்றுவது அந்த இரண்டடிதான். வெயில் சுவரில் படாமல் மறைப்பதும், புயல்காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்காமல் பார்த்துக்கொள்வதும் அதுவே.

சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடிசை ஒன்று வருகிறது. வேழக்கோலை வரிசையாக வைத்து, இடையிடையே வெள்ளை மரக்கொம்புகளைக் கலந்து, தாழை நாரால் கட்டி, தருப்பைப் புல்லால் வேய்ந்த குடிசை. அதை 'குறியிறை' என்கிறது பாட்டு, இறவாணம் குறுகலாக இறங்கிய குடிசை. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் வாரை, வரிச்சு, கட்டு, வேய்ச்சல் என்று அப்பா வேலை செய்கிற அதே வரிசையில் அந்தப் புலவர் சொல்லியிருக்கிறார். இறைதான் எங்கள் வாயில் எறவாணம். அதே பாட்டில் வேட்டையாடும் எயினர் குடிசையும் உண்டு. ஈந்தின் இலையால் வேய்ந்தது, பார்க்க முள்ளம்பன்றியின் முதுகு மாதிரி இருக்கும் என்று வரும். ஈச்ச ஓலைக் கூரையைக் கண்ணால் பார்க்காதவர் எழுதியிருக்க முடியாத உவமை.

கால், வளை, வாரை, வரிச்சு

சுவரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மண்சுவரோ செங்கல்லோ உங்கள் வசதி. தரைமட்டம் மட்டும் வெளியைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வயல் தண்ணீர் எதுவரை வரும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேல் வையுங்கள்.

நடுக்கால் இரண்டு, உச்சியில் இரண்டாகப் பிரியும் கவை உள்ளதாக. கவைமேல் முகட்டு மரமான மோட்டுவளை உட்கார வேண்டும். மண்ணுக்குள் போகிற பகுதியைத் தீயில் வாட்டிக் கருக்கி, ஆறிய பிறகு தார் பூசி நடுங்கள். கருகின பாகத்தைக் கறையான் சீக்கிரத்தில் தொடாது. இன்னும் நல்லது, காலை மண்ணில் புதைக்காமல் கருங்கல்லின் மேல் நிறுத்துவது.

வாரைக்குப் பனை கிடைத்தால் பனை. முற்றிய பனை, பிளந்தால் உள்ளே கறுப்பு நார் அடர்ந்திருக்க வேண்டும். இளம் பனையின் வெளிர்ச் சதை இரண்டே மழையில் உளுத்துவிடும். பழைய வீட்டை இடிக்கும் இடங்களில் எழுபது, எண்பது வருடப் பனைவாரை கிடைக்கும்; அதை விட்டுவிடாதீர்கள், புதியதைவிட உறுதி. புதிதாக மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒன்று: பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்திருக்கிறது. வாங்கிக்கொண்டு வெட்டுங்கள். பனை இல்லையென்றால் மூங்கில், அதுவும் இல்லையென்றால் சவுக்கு.

மூங்கிலை வெட்டிய கையோடு ஏற்றாதீர்கள். குளத்தில் மூன்று வாரம் அமுக்கிப் போடுங்கள். தண்ணீர் நாறும், அக்கம்பக்கம் திட்டும், பரவாயில்லை. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போகிற நாற்றம் அது. அந்த மாவைத் தின்னத்தான் வண்டு வருகிறது. ஊறப்போடாத மூங்கிலிலிருந்து ராத்திரியில் மாவு கொட்டிக்கொண்டே இருக்கும்; காலையில் பாயில் மஞ்சளாகப் படிந்திருக்கும். தேய்பிறையில், அமாவாசையை ஒட்டி வெட்ட வேண்டும் என்பார் அப்பா. நான் இன்றும் அப்படியே செய்கிறேன், ஆனால் ஊறல்தான் முக்கியம்.

வாரைகள் இரண்டடிக்கு ஒன்று. அவற்றின் குறுக்கே, பிளந்த மூங்கில் வரிச்சு ஒரு சாணுக்கு ஒன்று. ஆணி வேண்டாம். ஆணி மூங்கிலைப் பிளக்கும், கடற்காற்றில் துருப்பிடித்துத் தானும் போகும். கயிற்றுக் கட்டு காற்றில் கொஞ்சம் அசைந்து கொடுத்து மறுபடி தன் இடத்துக்கு வரும்.

வாய்ப்பிருந்தால் இரண்டு பக்கச் சரிவைவிட நாலு பக்கச் சரிவாகக் கட்டுங்கள். காற்று எந்தத் திசையில் வந்தாலும் முட்டி நிற்கச் சுவர் இருக்காது, சரிந்து மேலே ஏறிப் போய்விடும். மாமல்லபுரம் போனால் திரௌபதி ரதத்தின் முன்னால் நின்று பாருங்கள். ஏழாம் நூற்றாண்டுக் கல், வடிவமோ ஒரு சின்னக் கூரை வீடு. நாலு பக்கமும் வளைந்து இறங்கும் கூரை, மூங்கில் வளைகிற வளைவு. மூலைகளில் மேலிருந்து கீழே பட்டையாக ஓடும் பூவேலையை எல்லோரும் அழகு என்பார்கள். நான் பார்த்தது வேறு. இரண்டு சரிவு சேரும் அந்த மூலையில்தான் ஒழுகும். அங்கேதான் நாங்கள் மடித்த கீற்றைக் கூடுதலாகப் போட்டுப் பட்டையாகக் கட்டுவோம். சிற்பி அந்தப் பட்டையையும் விட்டுவைக்கவில்லை. கோயில் விமானத்தில் கூடு, சாலை என்று அடுக்கடுக்காக இருக்கிறதே, அதெல்லாம் குடிசை வடிவம் கல்லிலேறியதுதான்.

மட்டை, ஊறல், முடைச்சல்

வேய என்ன போடுவது என்பது நீங்கள் இருக்கும் மண்ணைப் பொறுத்தது. கடற்கரையில் கீற்று; ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் பனையோலை; ஏரிக்கரையில் விழல் புல்; கரும்புக் காட்டில் காய்ந்த கரும்புச் சோகை. நீலகிரியில் தோடர்கள் மூங்கிலையும் பிரம்பையும் வில்லாக வளைத்து, புல்லால் வேய்ந்து, தவழ்ந்து நுழையும் வாசல் வைப்பார்கள். பனையோலையும் விழலும் கீற்றைவிட அதிக நாள் உழைக்கும். எனக்குக் கை பழகியது கீற்று, ஆகவே அதையே சொல்கிறேன்.

பச்சை மட்டை வேண்டாம். பழுத்து மரமே கழற்றிவிடப் போகிற மட்டை, அல்லது விழுந்து ஓரிரு நாள் ஆனது நல்லது. பச்சையில் முடைந்தால் காயும்போது சுருங்கி, பின்னல் தளர்ந்துவிடும். முழுக்கக் காய்ந்து கலகலத்துப் போனதும் ஆகாது, மடக்கும்போது ஒடியும்.

அடிப்பகுதியின் தடித்த மட்டையை வெட்டித் தள்ளிவிட்டு, நுனியில் அரிவாளால் ஒரு கீறல் போட்டு, இரண்டு கையாலும் விரித்தால் மட்டை அடிவரை நேராகப் பிளந்துகொண்டு வரும். இப்போது இரண்டு பாதி, ஒவ்வொன்றிலும் ஒரே பக்கம் ஓலை. கட்டாகக் கட்டிக் குளத்தில் போட்டு மேலே வாழைத்தண்டோ கல்லோ ஏற்றி அமுக்குங்கள். மூன்று நாள் போதும் என்பார்கள். நான் ஐந்து நாள் விடுவேன். அப்பா உப்பங்கழியில்தான் போடுவார். உப்பு ஏறின கீற்றைப் பூச்சி அரிப்பது குறைவு, எங்கள் அனுபவத்தில் ஒரு மழைக்காலம் கூடுதலாக நிற்கும்.

முடைவது பெண்கள் வேலை. அம்மா தென்னை நிழலில் உட்கார்ந்தால் மட்டையின் ஒரு முனையை இடது காலால் மிதித்துக்கொள்வார். ஓலைகள் வலது பக்கமாகப் படுத்திருக்கும். முதல் ஓலையை விட்டு, இரண்டாவதை மடக்கித் திருப்பி, பக்கத்து ஓலைக்கு மேலாக ஒன்று, கீழாக ஒன்று என்று சாய்வாகக் கோப்பார். அடுத்து ஒன்று விட்டு ஒன்று. கை போகிற வேகத்தில் ஓலை தண்ணீர் தெறிக்கும். மூன்று நாலு மடக்குக்கு ஒரு முறை காலால் நகர்ந்து உட்காருவார். மட்டை நகராது, ஆள்தான் நகர வேண்டும். கடைசி ஓலைகளைச் சேர்த்து ஒரு முடிச்சு. ஒரு கீற்று ஆறடி நீளம், ஒன்றேகாலடி அகலம் வரும். பின்னல் நெருக்கமா என்று பார்க்க அம்மாவிடம் ஒரு சோதனை உண்டு: சுண்டுவிரலை இடுக்கில் விடுவார். முதல் கணுவுக்கு மேல் போனால் பிரித்து மறுபடி முடையச் சொல்வார். நான் அழுதுகொண்டே பிரித்த நாட்கள் உண்டு. இப்போது விலைக்கு வாங்கும்போது அதே விரலை விட்டுத்தான் பார்க்கிறேன்.

முடைந்த ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாள் வெயிலில் விரித்து, பிறகு தட்டையாக அடுக்கி மேலே கனம் வையுங்கள்.

எத்தனை வேண்டும்? இருபதடிக்குப் பன்னிரண்டடி வீடு, இரண்டு பக்கச் சரிவு, நான் சொன்ன உயரமும் இறவாணமும் இருந்தால் ஒரு பக்கச் சரிவின் நீளம் பதினோரடி சொச்சம். வரிசைக்கு வரிசை அரைச் சாண் இடைவெளி என்றால் முப்பது வரிசை. இரண்டு ஓரத்திலும் ஒன்றரை அடி நீட்டி இருபத்து மூன்றடிக்கு வரிசைக்கு ஐந்து கீற்று. ஒரு பக்கம் 150, இரண்டு பக்கம் 300. முகட்டுக்கும் இறவாணத்துக்கும் இன்னும் 40, கிழிசலுக்கு 20. ஆக 360. நாலு பக்கச் சரிவுக்கு மூலையில் வெட்டுப்படும், கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அரைச் சாண் இடைவெளியைக் கேட்டால் கீற்று விற்பவரே "எதுக்கு இவ்வளவு நெருக்கம்" என்பார். முழுச் சாண் விட்டால் பாதிக் கீற்று போதும்தான். ஆனால் அரைச் சாணுக்கு வேய்ந்தால்தான் கூரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் மூன்று கீற்றுக் கனம் இருக்கும். மேல் கீற்று வெயிலில் பொடிந்த பிறகும் அடியில் இரண்டு உயிரோடு இருக்கும்.

வேய்ச்சல்

காலம்: அறுவடை முடிந்து மாசியில் தொடங்கி, ஆனிக்குள். ஆடிக்காற்றில் ஏற முடியாது. ஐப்பசி மழைக்கு முன் கீற்று வெயிலில் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.

இறவாணத்திலிருந்து தொடங்கி மேலே போகணும். மட்டை மேல்பக்கம், ஓலை நுனி கீழ்ப்பக்கம். முதல் வரிசையில் மட்டும் கீற்றை இரண்டிரண்டாக வையுங்கள், மொத்தக் கூரையின் தண்ணீரும் அதன் வழியாகத்தான் வடிகிறது. ஒரு வரிசையை வரிச்சோடும், அடுத்ததை வாரையோடும் சேர்த்துக் கட்டுங்கள். பக்கவாட்டில் ஒரு கீற்றின் முனை அடுத்ததன்மேல் அரையடி ஏறட்டும். எங்கள் ஊரில் மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே ஏறுகிற முனை காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். கீழ் வரிசையின் இணைப்புக்கு நேரே மேல் வரிசையின் இணைப்பு வரக்கூடாது. செங்கல் வைக்கிறவருக்கு இது புரியும்.

கட்டுவதற்குத் தென்னங்கயிறு, அல்லது தண்ணீரில் நனைத்த பனைநார். நைலான் கயிறு மலிவாகவும் வலுவாகவும் தெரியும். முடிச்சு வழுக்கும், வெயிலில் இரண்டு வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். எத்தனை கூரையில் பார்த்துவிட்டேன்.

இரண்டு சரிவும் மேலே வந்து சேர்ந்ததும் முகடு. கீற்றை நீளவாக்கில் நடுவில் மடித்துக் குதிரைமேல் சேணம் போடுவதுபோல் மோட்டுவளைமேல் போட வேண்டும், மூன்று அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே வைக்கோல் பரப்பினால் மடிப்பு உடையாது. முகட்டில் கஞ்சத்தனம் காட்டின வீடு நடுவீட்டில் சட்டி வைத்துத் தண்ணீர் பிடிக்கும்.

இனிதான் குத்தூசி. வேய்ந்த கீற்றின்மேல் மூன்றடிக்கு ஒரு மேல்வரிச்சு வைத்து, உள் வரிச்சோடு சேர்த்துத் தைக்க வேண்டும். உள்ளே நிற்பவர் பொறுமைசாலியாக இருக்கட்டும். கயிறு உள் வரிச்சைச் சுற்றாமல் வெறும் ஓலையைச் சுற்றித் திரும்பினால் மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. முதல் புயலில்தான் தெரியும். வேலை நடக்கும்போதே ஊசி ஒவ்வொரு முறையும் எதைச் சுற்றிப் போகிறது என்று உள்ளே நிற்பவர் வாய்விட்டுச் சொல்வது நல்லது. நாங்கள் "வரிச்சு", "வரிச்சு" என்று சொல்லிக்கொண்டே தைப்போம்.

முடிந்ததும் நடுப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். கண் பழக ஐந்து நிமிடம் நில்லுங்கள். எங்கெல்லாம் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் உள்ளிருந்து ஒரு ஈர்க்கைக் குத்தி வெளியே நீட்டுங்கள். மேலே இருப்பவர் அந்த ஈர்க்கைப் பார்த்து அங்கே ஒரு கீற்றைச் செருகுவார்.

கீற்றுக்கு அடியில் தார்ப்பாயோ பழைய ஃப்ளெக்ஸ் பேனரோ விரிக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. நானும் ஒரு வருடம் விரித்தேன். அந்த மழையில் ஒரு சொட்டு வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. மறுவருடம் கீற்றைத் தூக்கினால் அடிப்பக்கம் முழுவதும் கறுத்துக் கூழாகக் கிடந்தது. மூச்சுவிட வழியில்லாமல் ஈரம் அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுக்குள் புழுக்கமும் தாங்கவில்லை. கீற்று வீட்டின் குளிர்ச்சிக்கு ஒரு காரணம், உள்ளிருக்கும் சூடு ஓலை இடுக்கு வழியாக மேலேறிப் போவது. அதை அடைத்துவிட்டுக் கீற்று போடுவதில் அர்த்தமில்லை.

காற்று

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் வேதாரண்யம் பக்கம்தான் கரையேறியது. அப்பா ஒவ்வொரு புரட்டாசியிலும் கூரைக்குமேல் தென்னங்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் வீசி, முனைகளில் கல் கட்டித் தொங்கவிடுவார், அல்லது தரையில் முளையடித்துக் கட்டுவார். அந்த வருடம் நான் முன்பக்கம் கட்டினேன். பின்பக்கத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். முன்பக்கக் கூரை நின்றது. பின்பக்கம் பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு கிணற்றடியில் கிடந்தது. பிறகு மாற்றிப் போடக் கீற்று கிடையாது; ஊரில் தென்னையே நிற்கவில்லை. ஆறு மாதம் அந்தப் பக்கத்தில் தார்ப்பாயின் கீழ் இருந்தோம். வலைக்கயிற்றுக்கு ஒரு பகல் வேலை. தள்ளிப் போடாதீர்கள்.

நெருப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

2004 ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டின் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு அகற்றச் சொன்னது. அது சரியான முடிவு. கூட்டம் கூடும் இடத்துக்கு, மாடிமேல், ஒரே படிக்கட்டு உள்ள இடத்துக்குக் கீற்று போட்டுத் தரச்சொல்லி யார் கேட்டாலும் நான் மறுத்துவிடுகிறேன். ஹோட்டல் மாடிக்குக் கேட்டு வந்தவரையும் அப்படியே திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்கு: இரண்டு வாசல், எதிரெதிர்ப் பக்கம். அடுப்பு தனி அறையில், அதற்கு ஓட்டுக் கூரை. மின்கம்பி கூரையைத் தொடவே கூடாது. சுவரோடு குழாய்க்குள் வந்து சுவரிலேயே விளக்கு. கசிவு வந்தால் தானாக நிற்கும் சுவிட்சை வாசலிலேயே வையுங்கள். தீபாவளிக்கு முதல்நாள் மாலை கூரை முழுக்கத் தண்ணீர் அடித்து நனைப்போம், மண் நிரப்பிய வாளியும் தொரட்டியும் வெளியே நிற்கும். தொரட்டி எதற்கென்றால், எரிகிற கீற்றை இழுத்துக் கீழே தள்ள. இரண்டு வீட்டுக்கு நடுவே கைநீட்டும் தூரம்தான் என்றால் கீற்று வேண்டாம், ஓடு போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். எங்கள் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூரை வீட்டின் அழகைப் பேசும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போவதில்லை. விரும்பிக் கீற்றுக்கடியில் இருந்தவர்கள் குறைவு, வேறு வழியில்லாமல் இருந்தவர்களே அதிகம். 2030க்குள் 8 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024ல் அறிவிக்கப்பட்டபோது, எங்கள் தெருவில் சந்தோஷப்படாதவர் இல்லை. என் தங்கச்சியும் கெட்டி வீட்டுக்கு மாறினாள். புயல் எச்சரிக்கை வந்த ராத்திரிகளில் அவள் வீட்டில்தான் எல்லோரும் படுக்கிறோம். கெட்டி வீடு எல்லோருக்கும் கிடைக்கட்டும். அதோடு, கீற்று வேய்ந்த கைகள் வைத்திருந்த கணக்கும் கட்டும் தொலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேய்ந்த பிறகு

கூரை வீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் உங்கள் கவனம் வேண்டும். பங்குனியில் ஒரு நாள், புரட்டாசியில் ஒரு நாள். பொடிந்த மேல் கீற்றை உருவிவிட்டுப் புதியதைச் செருகுங்கள், முகட்டுக் கீற்றை மாற்றுங்கள், வலைக்கயிற்றைப் பாருங்கள். மொத்தமாகப் பிரித்து வேய்வது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும். மரக்கிளை கூரையைத் தொட்டால் வெட்டிவிடுங்கள். நிழல் விழும் பக்கம் காயாது, பாசி பிடிக்கும், அணிலும் எலியும் ஏறும்.

நாங்கள் கேஸ் அடுப்புக்கு மாறிய பிறகு கீற்று முன்னைவிட சீக்கிரம் அரிப்பெடுக்க ஆரம்பித்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. முன்பு விறகடுப்புப் புகை காலையும் மாலையும் கூரைக்குள் ஏறி ஓலையின் அடிப்பக்கம் கரியாகப் படியும், கறுத்து மினுங்கும். அந்தக் கரி இருந்தவரை வண்டு கிட்டே வராது. அப்பா பிரித்துப் போட்ட பழைய கூரைகளில் அடுப்புக்கு மேலிருந்த கீற்று மட்டும் இரும்பு மாதிரி இருக்கும். இப்போது மாதம் ஒரு முறை இரும்புச் சட்டியில் தணலைப் போட்டு, அதன்மேல் காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போட்டு வீட்டின் நடுவில் வைக்கிறேன். தீ எழும்பாமல் புகை மட்டும் வர வேண்டும். சட்டியைவிட்டு ஆள் நகரக்கூடாது. ஒரு மணி நேரம் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு.

பிரித்த பழைய கீற்றை எரிக்காதீர்கள். தென்னம்பாத்தியைச் சுற்றி அடுக்கி மேலே சாணிக்கரைசல் தெளியுங்கள். ஒரு மழைக்காலத்தில் மக்கி மண்ணாகிவிடும், அந்த மரமே அடுத்த வேய்ச்சலுக்கு மட்டை கொடுக்கும். மட்டைத்துண்டு அடுப்புக்கு, ஈர்க்கு விளக்குமாற்றுக்கு, நல்ல வரிச்சும் கயிறும் மறுபடி கூரைக்கு. குத்தூசியை மட்டும் நன்றாகத் துடைத்து, வேப்பெண்ணெய் தடவி, இறவாணத்தில் செருகி வையுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது அப்பா செதுக்கியது. காது கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இன்னும் கயிறு வாங்குகிறது.